படம் எடுத்தவர் இருவர்

(புகைப்படக் கலை ஆர்வலர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



லடாக்கின் மலைகளையும் ஏரிகளையும் படமெடுக்கச் சென்று வந்ததைப் பற்றி நான் பேசவேண்டும் என்று இக்கூட்டத்தை அமைத்தவர்கள் விரும்பினார்கள். பேச்சுக்கென்று அந்தப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பார்த்தபோது, எவையெவை நன்றாக அமைந்தன என்று மனம் ஒப்புகிறதோ, அவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றிற்கும் பின்னால், நான் நின்ற இடத்தை எனக்குக் காட்டியவரும், ஷட்டரை அழுத்திய நேரத்தை எனக்குக் குறித்துக் கொடுத்தவரும் வேறொருவராக இருப்பதைக் கண்டேன். ஆகவே காமிராவைப் பற்றிச் சொல்வதோடு அவரைப் பற்றியும் சொல்வதே நியாயமென்று தோன்றுகிறது. இயற்கைக் காட்சிப் படத்தை எடுப்பவர்கள் இருவர்: ஒருவர் இடத்தை அறிந்தவர், மற்றவர் கருவியை அறிந்தவர். உலகமோ இரண்டாமவரின் பெயரை மட்டுமே படத்தின் கீழே எழுதுகிறது. இன்று நான் சொல்ல வந்த செய்தி இதுதான்.

முதலில் அந்தப் பிரதேசத்தின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். இமயத்தின் பெருந்தொடர் பருவக்காற்றின் மழையைத் தெற்கிலேயே தடுத்து நிறுத்திவிடுவதால், லே நகரில் ஓராண்டு முழுவதும் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டரே. மழையில்லாத இடத்தில் காடில்லை. காடில்லாத மலையில் பாறையின் நிறமெல்லாம் வெளியே தெரிகிறது. சிவப்பும் ஊதாவும் கந்தகத்தின் மஞ்சளும் சாம்பல் பச்சையும் அடுத்தடுத்துப் பட்டை பட்டையாகக் கிடக்கின்றன. காற்று மெல்லியது, அதில் ஈரமும் இல்லை, தூசியும் சொற்பம். நீலகிரியிலோ பழனி மலையிலோ நின்று பார்க்கும்போது, மலைக்குப் பின் மலையாக ஒவ்வொரு தொடரும் முன்னதைவிட வெளுத்து நீலம் பூத்துக்கொண்டே போவதால், எது அருகில் எது தொலைவில் என்பதைக் கண் தானே அறிந்துகொள்கிறது. லடாக்கில் அந்த நீலத்திரை கிடையாது. முழுநாள் நடந்தாலும் எட்டாத சிகரம், கைக்கெட்டும் தூரத்துப் பாறையைப் போலவே தெளிவாக நிற்கிறது. கண்ணுக்கு இது பேரானந்தம், படத்திற்கோ பெருஞ்சங்கடம். நடுப்பகலில் எடுத்த படம், எத்தனை அற்புதமான காட்சியாயினும், ஆழமற்றுத் தட்டையாய் விழுந்துவிடுகிறது. அங்கே தூரத்தை உண்டாக்குவது சாய்ந்த வெயிலும் அது எறியும் நிழலுமேயன்றி வேறல்ல. எனவே காலையில் ஒரு சிறு பொழுதும் மாலையில் ஒரு சிறு பொழுதும் மட்டுமே புகைப்படக்காரனுக்கு உரியவை. அவ்விரு பொழுதுகளிலும் சரியான இடத்தில் நிற்பதற்கே வழிகாட்டி வேண்டும்.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கிய மனிதனுக்கு அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது, கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான். ஏரிகள் இருக்கும் உயரத்திற்குப் போனால் அதுவும் குறைந்து, பாதிக்குச் சற்றே மேலாக நிற்கும். எங்கள் குழுவை அழைத்துச் சென்றவர் சாங்தாங் பீடபூமியில் பிறந்து வளர்ந்தவர். ஆடு மேய்க்கும் குடும்பத்திலிருந்து வந்தவராதலால், ஒவ்வொரு கணவாயையும் வாகனப் பாதை வருமுன்பே காலால் அறிந்தவர். அண்ணன் முறை சொல்லி, மரியாதை தோன்ற, ‘ஆச்சோ-லே’ என்று நாங்கள் அவரை அழைத்தோம். அவர் எங்கள் எல்லோரையும் பொதுவாக ‘சார்’ என்றார். முதற்பொழுதே அவர் விதித்த நிபந்தனை, லேயில் இரண்டு நாள் காமிராவை எடுக்காமல் சும்மா இருக்கவேண்டும் என்பது. எங்களில் இளையவர் சிலருக்கு இது பொறுக்கவில்லை. தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையுமாய்த் தொடங்கும் மலைநோய், அலட்சியம் செய்தால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிரையே வாங்கிவிடக்கூடியது. அதற்கு உறுதியான மருந்து கீழே இறங்குவது ஒன்றே. இதை அவர் எவ்வித மிரட்டலுமின்றி, நடந்ததை நடந்தவாறு சொல்லி விளங்கவைத்தார். மறுக்கத் தெரிந்தவரே வழிகாட்டி என்பதை நாங்கள் அன்றே கண்டோம்.

சாங் லா கணவாயைத் தாண்டிப் பாங்காங் ஏரிக்குப் போனோம். ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில், சுமார் 134 கிலோமீட்டர் நீளத்திற்குக் குறுகலாய் நீண்டு கிடக்கும் இந்த ஏரியில் மூன்றிலொரு பங்கே நம் எல்லைக்குள் இருக்கிறது, மிகுதி திபெத்தில். வெளியேறும் வழியற்ற நீராதலால் உவர்ப்புடையது. ஆயினும் குளிர்காலத்தில் முழுதும் உறைந்துவிடுகிறது. அதன் நீலத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. ஆனால் அந்த நீலம் நிலையான ஒன்றல்ல. ஆழ்ந்த நீர் செந்நிறக் கதிர்களை விழுங்கிவிடுவதாலும், மேலே இருக்கும் ஆகாயம் மிகக் கருநீலமாயிருப்பதாலும், கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் வெண்மணல் தெரிவதாலும், காற்று நீரைச் சிலிர்க்கவைக்கும் அளவு நிமிஷத்திற்கு நிமிஷம் மாறுவதாலும், ஒரே கரையில் அமர்ந்திருப்பவன் ஒரு மணி நேரத்திற்குள் பச்சையையும் மயில்நீலத்தையும் ஈயத்தின் சாம்பலையும் காண்கிறான்.

பயணிகள் பெரும்பாலோர் லுகுங்கிலும் ஸ்பாங்மிக்கிலும் தங்கிவிடுகிறார்கள். ஆச்சோ-லே எங்களை இருட்டோடு எழுப்பி, மான் கிராமத்தைக் கடந்து மேராக் செல்லும் வழியில், மணல்திட்டு ஒன்று சிறு வளைவாக நீரை மறித்திருந்த இடத்திற்கு அழைத்துச் சென்றார். நாங்கள் முக்காலிகளை ஊன்றிக்கொண்டிருக்க, அவரோ ஏரியைப் பார்க்கவில்லை. நமக்குப் பின்னே கிராமத்து வீடொன்றின் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாக் எருமையின் சாணவறட்டி எரிந்த புகை, நூல் பிடித்தாற்போல நேரே எழுந்துகொண்டிருந்தது. “அந்தப் புகை சாய ஆரம்பித்தால் உங்களுக்குக் கால் மணி நேரம்தான் இருக்கிறது, சார், அதற்குப் பிறகு தண்ணீரில் மலை இராது” என்றார். வடகரையின் மலைமடிப்புகளில் வெயில் முதலில் உச்சியைத் தொட்டு, பிறகு முதுகெலும்பு முதுகெலும்பாய் இறங்கி, ஒவ்வொரு மடிப்பின் ஒருபக்கம் செம்பொன்னும் மறுபக்கம் கருநீலமுமாகப் பிரித்துக்கொண்டு வந்தது. அத்தனையும் அசையாத நீரில் தலைகீழாய்த் தெரிந்தது. புகை சாய்ந்தது. எதிர்க்கரையில் நீரின் மேல் மங்கலான கோடொன்று தோன்றி எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. அது வந்து சேர்ந்ததும் பிம்பம் முழுவதும் அழிந்துபோயிற்று.

இதன் காரணம் எளிதே. வெயில் பட்ட சரிவுகள் சூடேற, அங்குள்ள காற்று மேலே எழுகிறது. அதன் இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று ஏரியின் மேலாகப் பாய்கிறது. பிற்பகலில் அது முக்காலியைத் தள்ளும் வலிமை பெற்றுவிடுகிறது. பௌதிகம் படித்த எவரும் இதைச் சொல்லிவிடலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு கரையில், குறிப்பிட்ட ஒரு மாதத்தில், காற்று எந்தப் பக்கமிருந்து எப்போது வரும் என்பதைப் புத்தகம் சொல்லாது. நம் கரையோர மீனவர் கடலின் நிறத்தைக் கண்டு காற்றைச் சொல்வதுபோல, தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடுகளை மேய்த்துவந்த மக்களுக்கே அந்த ஞானம் உரியது. அன்று நான் எடுத்த படத்தை நண்பர்கள் பாராட்டும்போதெல்லாம் அந்தப் புகைபோக்கி என் நினைவுக்கு வருகிறது. அது படத்தில் இல்லை.

இடத்தை அறிந்தவரின் பெயர் விடுபட்டுப்போகும் இந்த அநியாயம், புகைப்படக் கலை இமயத்திற்கு ஏறிய நாளிலிருந்தே நடந்துவருகிறது. 1863-இல் இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்த சாமுவேல் போர்ன், அவ்வாண்டிலும் 1864-இலும் 1866-இலுமாக மூன்று முறை மலைகளுக்குள் நெடும்பிரயாணம் செய்தார். அக்காலத்தில் பிலிம் இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையை ஒரே சீராக ஊற்றிப் பரப்பி, இருட்டுக் கூடாரத்திற்குள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவில் செருகிப் படமெடுத்து, உடனே மீண்டும் கூடாரத்திற்குள் ஓடி அதைக் கழுவி நிலைப்படுத்தவேண்டும். கண்ணாடிப் பெட்டிகள், திராவகச் சீசாக்கள், கூடாரம், காமிரா, உணவு என இவற்றையெல்லாம் சுமந்து வந்தவர்கள் பல பத்துப் பேர். 18,000 அடிக்கு மேலுள்ள மணிராங் கணவாயில் போர்ன் எடுத்த படம், அத்தனை உயரத்தில் அதுவரை யாரும் எடுத்திராத படமென்று புகழ்பெற்றது. அவ்வுயரத்தின் உறைகுளிரில் தகட்டைக் கழுவ நீர் உருக்கிக் கொடுத்த கைகளின் பெயர் அப்படத்தோடு வரவில்லை. போர்ன் தம் பிரயாணங்களைப் பற்றி லண்டன் புகைப்படப் பத்திரிகை ஒன்றுக்கு விரிவான கடிதங்கள் எழுதினார். சுமையாளர்கள் இடைவழியில் விட்டுப்போனதைப் பற்றிய முறையீடுகள் அவற்றில் உண்டு. பனியில் வெறுங்காலோடு கண்ணாடி சுமந்தவனுடைய முறையீட்டை எழுதி வைக்க எவரும் இல்லை.

ஒருவர் மட்டும் விலக்காக இருந்தார். அவரைப் பற்றி நான் எப்போதும் மிகுந்த பக்தியோடு பேசுவேன். லேயில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்து, சிறுவயதிலேயே ஐரோப்பிய யாத்திரிகர்களுக்கு ஏவலாளாய்ச் சேர்ந்து, மட்டக்குதிரைகளை ஓட்டியும் சுமை கட்டியும் வழி கண்டும் மத்திய ஆசியாவின் பாலைகளையெல்லாம் கடந்தவர் குலாம் ரசூல் கல்வான். தாம் பழகிக்கொண்ட ஆங்கிலத்திலேயே, இலக்கணத்தைப் பற்றிக் கவலையின்றித் தம் வாழ்க்கையை எழுதினார். ‘சர்வண்ட் ஆஃப் சாஹிப்ஸ்’ என்னும் அந்நூல், ஆங்கில யாத்திரிகர் யங்ஹஸ்பண்டின் முன்னுரையோடு 1923-இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. செய்தித்தாள்களில் அடிபட்ட கல்வான் ஆற்றுக்கு அவர் பெயரே வழங்குகிறது. வழி காட்டியவனின் பெயர் நிலப்படத்தில் ஏறுவது எத்தனை அபூர்வம் என்பதைத் தேசப்படங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பாங்காங்கிலிருந்து தெற்கே சுஷூல் வழியாகச் சென்றோம். 1962 நவம்பர் 18 அன்று ரேசாங் லாவில் உயிர்கொடுத்த குமாவோன் படையினரின் நினைவிடம் அவ்வழியில் இருக்கிறது. எல்லைப்புறப் பகுதியாதலால், அங்கே போவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. இராணுவ அமைப்புகளைப் படமெடுப்பதும் ஆகாது. எந்தத் திருப்பத்தில் காமிராவைப் பைக்குள் வைக்கவேண்டும் என்று எங்கள் வாகனமோட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

அடுத்து ஹான்லே. இந்தியர் ஒவ்வொருவரும், குறிப்பாகத் தமிழர், அந்த ஊரை அறிந்திருக்கவேண்டும். அங்கே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தும் வானாய்வுக்கூடத்தில், இரண்டு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று நிற்கிறது; தமிழரான வானியற்பியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரால் அது இமயச் சந்திரா தொலைநோக்கி எனப்படுகிறது. அதைப் பெங்களூருக்கு அருகே ஹொஸகோட்டேயில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். அவ்வூரின் இருளைக் காப்பதற்காக 2022-இல் சுற்றுவட்டாரத்தை இருள்வானக் காப்பகமாக அறிவித்து, கிராமத்தவர் சிலருக்குப் பயிற்சியும் சிறு தொலைநோக்கிகளும் கொடுத்து, வருபவர்களுக்கு விண்ணைக் காட்டும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த ஏற்பாடு இது. ஏனெனில் இடத்தை அறிந்தவருக்கு அந்த அறிவின் பொருட்டே ஊதியமும் மரியாதையும் கிடைப்பதை அங்கேதான் கண்டேன்.

அன்றிரவு எங்களுக்கு வழிகாட்டியவர் அவ்வூர்ப் பெண்மணி ஒருவர். முதல் வேலையாக எங்கள் வாகனத்தின் விளக்குகளை அணைக்கச் சொன்னார். பிறகு காமிராக்களின் பின்திரை வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டுமென்று அனைவரையும் சும்மா உட்காரவைத்தார். பால்வீதியின் மையம் தனுசு ராசியில் இருக்கிறது. சென்னையில் அது தெற்கு அடிவானத்திற்கு மேலே 48 பாகை வரை ஏறிவிடுகிறது; ஹான்லேயிலோ 28 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. விண்ணாராய்ச்சிக்கு இது குறையாக இருக்கலாம். மலையையும் பால்வீதியையும் ஒரே சட்டத்திற்குள் அடக்க விரும்பும் புகைப்படக்காரனுக்கோ இதைவிடப் பெரிய அனுகூலம் இல்லை. அந்த அம்மையார் மடாலயம் நிற்கும் குன்றைச் சுட்டிக்காட்டி, இன்ன நேரத்தில் பால்வீதி அக்குன்றின் தோளுக்கு நேரே செங்குத்தாக நிற்கும் என்று சொல்லி, எங்கே நின்றால் அது அமையும் என்று நடந்து காட்டினார். 24 மில்லிமீட்டர் லென்ஸில் 20 வினாடிக்கு மேல் திறந்து வைத்தால் பூமியின் சுழற்சியால் நட்சத்திரங்கள் புள்ளியாக நில்லாமல் கோடாக இழுபட்டுவிடும் என்பது நாங்கள் அறிந்தது; குன்றின் தோள் அவர் அறிந்தது. குளிரில் பேட்டரிகள் வெகுவிரைவில் வலுவிழந்துவிடுவதால், மாற்றுப் பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தோம். விடியற்காலையில் அறைக்குத் திரும்பும்போது, வெப்பக் காற்றுப் பட்டு லென்ஸ் வியர்த்துவிடாமலிருக்க, காமிராவைப் பைக்குள் மூடியே உள்ளே கொண்டுபோகவேண்டும் என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஹான்லேயிலிருந்து சிந்துநதிக்கரையைப் பற்றி வந்து, மாஹே பாலத்தருகே பிரிந்து மேலே ஏறினால் சோ மோரிரி ஏரி. அது வடக்கு தெற்காக நீண்டது. அதன் வடமேற்குக் கரையில் கோர்சோக் கிராமம். மேற்கே கிராமத்தின் முதுகுப்புறம் மெந்தோக் தொடர்; கிழக்கே ஏரிக்கு அப்பால் சாம்சர் காங்ரி, லுங்சர் காங்ரி என 6,600 மீட்டரைத் தாண்டிய இரு பனிச் சிகரங்கள். மாலையில் புதிதாய் வந்தவர்கள் எல்லோரும் கதிரவன் மறையும் மேற்கு நோக்கியே காமிராவைத் திருப்பினார்கள். ஆச்சோ-லே எங்கள் தோளைத் தொட்டுக் கிழக்கே திருப்பினார். மெந்தோக் தொடரின் நிழல் முதலில் கிராமத்தை மூடிற்று, பின்பு கரைப்புல்லை, பின்பு ஏரியின் மேல் ஒரு விளிம்பாக நகர்ந்து அக்கரையையும் தொட்டு மலையில் ஏறத் தொடங்கிற்று. கீழே எல்லாம் நீல இருளாக, மேலே அவ்விரு சிகரங்களின் பனி மட்டும் முதலில் மஞ்சளாகவும் பிறகு ரோஜா நிறமாகவும் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பனிக்கும் கீழிருக்கும் நீருக்கும் ஒளியில் அத்தனை வேறுபாடு இருந்தமையால், சட்டத்தின் மேற்பாதியை மட்டும் மங்கச் செய்யும் படிநிலை பில்டரைப் போட்டே எடுக்கமுடிந்தது. மேற்கு நோக்கி நின்றவர்களுக்குக் கண்கூசும் வெளிச்சமும் அதன் கீழே கரிய மலையுமே கிடைத்திருக்கும்.

புகா பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றுகளைத் தாண்டி சோ கர் ஏரிக்குப் போனோம். வெண்ணிற உப்புப் பூத்த கரைகளையுடையது அது. தெற்கே ஸ்தர்த்சபுக் என்னும் நன்னீர் ஏரியிலிருந்து நீர் வடிந்து இந்த உப்பேரிக்கு வருகிறது. முன்னொரு காலத்தில் ஏரி எத்தனை உயரத்திற்கு நிறைந்திருந்தது என்பதைச் சுற்றியுள்ள சரிவுகளில் பழைய கரைக்கோடுகள் இன்றும் காட்டுகின்றன. சாய்ந்த வெயிலில் அவை படிப்படியாகத் துலங்குகின்றன, உச்சிவெயிலில் மறைந்துவிடுகின்றன. சாங்பா என்னும் நாடோடி மேய்ப்பர்கள் இங்கிருந்து உப்பு வாரிக்கொண்டுபோய் விற்றுவந்தார்கள். இப்போது அவ்வாணிபம் ஓய்ந்து, பஷ்மினா ஆடுகளின் கம்பளியே அவர்களுக்கு ஜீவனம். யாக் மயிரால் நெய்த அவர்களுடைய கருங்கூடாரத்திற்குள் ஆச்சோ-லே எங்களை அழைத்துச் சென்றபோது, காமிராக்களை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். வெண்ணெய்த் தேநீர் குடித்து, ஆடுகளின் நலம் விசாரித்து, குழந்தைகளின் பெயர் கேட்டு எழுந்த பிறகு, வீட்டுக்குரிய அம்மையாரே “படம் எடுத்துக்கொள்ளவில்லையா?” என்று கேட்டார்கள். அனுமதி பெறும் முறை இதுவென்று நான் எங்கும் படித்ததில்லை.

வெண்ணுப்பைப் படமெடுப்பதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. காமிராவின் ஒளிமானி தான் காணும் எதையும் நடுச்சாம்பல் என்றே கருதுகிறது. அதன் சொற்படி நடந்தால் உப்பும் பனியும் அழுக்குச் சாம்பலாக விழும்; இரண்டு படி கூடுதலாக ஒளிவிடவேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து வகுத்த மண்டல முறை இதற்குச் சாஸ்திரமே செய்து வைத்திருக்கிறது. காட்சியின் எந்தப் பகுதி படத்தில் எத்தனை வெளுப்பாக வரவேண்டுமென்று முதலில் மனத்தில் தீர்மானித்துக்கொண்டு, பிறகே ஒளியளவைத் தீர்மானிக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1927 ஏப்ரல் 10 அன்று யோசமிட்டியில் ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையை அவர் படமெடுத்தபோது, மஞ்சள் பில்டரில் ஆகாயம் சாதாரணமாகவே விழுமென்று உணர்ந்து, மிஞ்சியிருந்த தகட்டில் சிவப்புப் பில்டரைப் போட்டு ஆகாயத்தை ஏறக்குறையக் கருமையாக்கினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். லடாக்கில் ஆகாயம் இயல்பாகவே அந்தக் கருமையை நெருங்கிவிடுகிறது. நம்மூர்ப் பழக்கத்தில் போலரைசரை முழுவதும் திருப்பினால் நீலம் கறுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். அங்கே அதைக் கழற்றி வைப்பதே நலம்.

அதே ஆடம்ஸ், சியரா மன்றத்தார் 1901 முதல் ஆண்டுதோறும் நடத்திவந்த மலைப்பிரயாணங்களில் கலந்துகொண்டு, கோவேறு கழுதைகளும் சமையற்காரர்களும் வழிகாட்டிகளுமாகப் போன அந்தக் கூட்டங்களின் நடுவேதான் தம் கலையை வளர்த்துக்கொண்டார். சியரா நெவாடாவைப் பற்றி அவர் 1938-இல் வெளியிட்ட படத்தொகுதி, 1940-இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா உருவாவதற்குத் துணைசெய்தது. படம் ஒரு நிலத்தைக் காப்பாற்றவும் கூடும் என்பதற்கு இது சான்று. கெடுக்கவும் கூடும் என்பதற்குப் பாங்காங்கே சான்று. 2009-இல் வெளிவந்த இந்திப் படமொன்றின் இறுதிக்காட்சி அங்கே எடுக்கப்பட்டபின், அதே இடத்தில் அதே பாவனையில் நின்று படமெடுத்துக்கொள்ள வரும் கூட்டம் பெருகிற்று; படத்தில் வந்த மஞ்சள் ஸ்கூட்டரைப் போன்ற வண்டியைக் கரையில் நிறுத்தி வாடகைக்கு விடுகிறார்கள். அதையும் ஒரு பிழைப்பென்று விட்டுவிடலாம். ஆனால் நல்ல கோணம் வேண்டுமென்று வாகனத்தை நீருக்குள்ளும் கரைச் சதுப்புக்குள்ளும் இறக்குகிறார்களே, அதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. அந்த மெல்லிய புல்வெளியில் ஒரு முறை பதிந்த சக்கரத்தடம், அக்குளிரிலும் வறட்சியிலும் ஆறுவதற்கு வெகுகாலமாகும். அங்கேதான் பறவைகள் முட்டையிடுகின்றன.

சோ கர், சோ மோரிரி, ஹான்லே ஆகிய சதுப்புகளில் கருங்கழுத்துக் கொக்கு கூடுகட்டுகிறது. நம் நாட்டில் அது குஞ்சுபொரிக்கும் பெரிய தாயகம் லடாக்கே. பொதுவாக இரண்டே முட்டைகள் இடும். நீரால் சூழப்பட்ட சிறு திட்டில் அமைந்த கூட்டை மனிதர் நெருங்கினால் பறவை எழுந்து விலகும். விலகிய அந்தப் பொழுதில் முட்டை குளிரும், அன்றி முகாம்களின் எச்சிலுணவில் பெருகிய நாய்கள் வந்து தின்னும். கூந்தன்குளத்திற்கு மார்கழி தையில் வந்து தங்கும் வரித்தலை வாத்தின் இனமும் சோ மோரிரியின் திட்டுகளில்தான் குஞ்சுபொரிக்கிறது. திருநெல்வேலிச் சீமையில், மரத்துக்கு மரம் பறவை கூடுகட்டியிருக்க, அவற்றைக் கலைக்காமல் தங்கள் பண்டிகைகளில் வெடியைத் தவிர்த்து வாழும் கூந்தன்குளத்து மக்களைப் பற்றி ஆச்சோ-லேக்கு நான் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அங்கே எத்தனை வாத்துகள் வருகின்றன, என்ன தின்கின்றன, குளம் வற்றினால் எங்கே போகின்றன என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

மறுநாள் காலை, தொலைவில் ஒரு கொக்குக் கூட்டை எங்களுக்குக் காட்டினார். எங்களிடம் 600 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தும் பறவை சட்டத்தில் சிறிதாகவே தெரிந்தது. இன்னும் நூறடி போகலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். போகக்கூடாது என்றார் ஆச்சோ-லே. பணம் கூடுதலாகத் தருவதாகவும் அந்த நண்பர் சொல்லிப்பார்த்தார். ஆச்சோ-லே பதில் சொல்லாமல் முக்காலியின் முன்னே வந்து நின்றுகொண்டார். சதுப்பின் அகலமும், மேகநிழல் பாதி மறைத்த மலையும், அவற்றிடையே சிறு வெண்புள்ளியாய்ப் பறவையுமாக அங்கிருந்தே எடுக்கப்பட்ட படம்தான், அந்தப் பிரயாணத்தில் நாங்கள் எல்லோரும் எடுத்தவற்றுள் சிறந்தது என்று அந்த நண்பரே இன்று சொல்கிறார். நெருங்கியிருந்தால் கொக்கு கிடைத்திருக்கும். அது வாழும் இடம் கிடைத்திராது.

ஆகவே குழுவாகப் புறப்பட விரும்பும் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பிரயாண ஏற்பாட்டாளரிடம் எத்தனை ஏரி, எத்தனை சிகரம் என்று விசாரிக்குமுன், அழைத்துச் செல்பவர் அவ்விடத்தவர்தாமா என்றும், அவருக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஏரிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு கரையிலும் காலையும் மாலையும் நிற்க அவகாசம் கேளுங்கள். படம் அச்சாகும்போது, அவர் சம்மதித்தால், அவர் பெயரையும் உங்கள் பெயரோடு ஒரே அளவு எழுத்தில் இடுங்கள்.

பக்கத்துக் கூடத்தில் வைத்திருக்கும் படங்களின் கீழே, சம்மதம் கொடுத்த வழிகாட்டிகள், வாகனமோட்டிகள், சமையற்காரர் ஆகியோரின் பெயர்களைக் காண்பீர்கள். கொக்குப் படத்தின் கீழே மட்டும் ஏரியின் பெயரும் சதுப்பின் பெயரும் இரா. அவற்றை அச்சிடவேண்டாமென்று ஆச்சோ-லே கேட்டுக்கொண்டார். இனி நீங்கள் கேள்விகள் கேட்கலாம். லென்ஸ், பில்டர், ஒளியளவு, அனுமதிச் சீட்டு, செலவு எதுவாயினும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். அந்த ஓர் இடத்தை மட்டும் கேட்காதீர்கள்.